பொதியின் பின்புறம்

சந்தையிலே கத்தரிக்காய் வாங்கும் பெண் அதைப் பற்றி எழுத்திலே எவ்வித அத்தாட்சியும் கேட்பதில்லை. காம்பைப் பார்க்கிறாள், தோலிலே துளையுண்டோ எனத் திருப்பிப் பார்க்கிறாள், முற்றிவிட்டதோ என விரலால் அழுத்திப் பார்க்கிறாள். வெண்டிக்காயின் நுனி சட்டென முறிய வேண்டும் என்பதை அவளுக்கு யாரும் புத்தகத்திலிருந்து கற்பித்ததில்லை. மீன் வாங்குபவர் செவுளைத் தூக்கி அதன் சிவப்பைப் பார்க்கிறார். அரிசியை வாயிலிட்டுக் கடித்த பின்னரே விலை பேசுவோரும் உளர். கண்ணும் கையும் மூக்கும் நாவும் பல தலைமுறைகளாகப் பயின்றுவந்த பரீட்சை இது. இதிலே தேறாத பொருள் வீட்டுக்குள் வருவதில்லை.

அதே பெண் அடுத்த கடைக்குச் சென்று ஒரு விசுக்கோத்துப் பொதியையும், ஒரு பால்மாப் பெட்டியையும், ஒரு மீன் தகரத்தையும் கையிலெடுக்கும்போது அவளுடைய இந்த அறிவு முழுவதும் கடை வாயிலிலேயே நின்றுவிடுகிறது. ஒட்டி மூடிய பொதியை முகர்ந்து பார்க்க முடியாது. தகரத்துக்குள் இருக்கும் மீனுக்குச் செவுளும் இல்லை. எஞ்சியிருப்பது ஒரே வழி: உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் செய்தவரே எழுதித் தரவேண்டும், அவ்வாறு எழுதும்படி சட்டம் அவரை வற்புறுத்த வேண்டும். இலங்கையிலே 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும், அதன்கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகளும் இந்த வேலையைச் செய்கின்றன. சட்டம் ‘சுட்டுத்துண்டு’ என்றும் கடைக்காரர் ‘லேபல்’ என்றும் கூறும் அந்தச் சிறிய எழுத்துகள், மீனின் செவுளுக்கும் கத்தரிக்காயின் காம்புக்கும் ஈடாக வைக்கப்பட்டவை. ஆயினும், செவுளைப் பாராமல் மீன் வாங்காத அதே கைகள் இந்த எழுத்துகளைப் பாராமலே பொதியைக் கூடைக்குள் இட்டுவிடுகின்றன.

இதனால் நேரும் இழப்பு காசோடு முடிவதாயின் இவ்வளவு பேச வேண்டியதில்லை. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையின் ஏழு மாகாணங்களில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, இருபது வயதுக்கு மேற்பட்டோரிற் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. அவர்களிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தமக்கு அந்நோய் இருப்பதை அதுவரை அறியாதிருந்தனர். வடக்கும் கிழக்கும் அக்காலத்து நிலைமையினால் அவ்வாய்விலே சேரவில்லை. சேர்ந்திருந்தாற் கணக்குக் குறைந்திருக்கும் என்று எண்ணுவதற்கு எந்த நியாயமும் இல்லை. இன்று சீனியில்லாத் தேநீர் அருந்துபவர் ஒருவரேனும் இல்லாத வீடு அரிது.

அத்தகைய வீடொன்றிலே நடப்பதைக் கவனித்தால், சுட்டுத்துண்டைப் படிப்பதன் அவசியம் தானே விளங்கும். குடும்பத் தலைவருக்கு நீரிழிவு என்று வைத்தியர் கூறிவிடுகிறார். அன்றிரவே தேநீரிலே சீனி நிறுத்தப்படுகிறது. அது நல்ல காரியம். அடுத்ததாக இரவுச் சோறு நிறுத்தப்பட்டு, அதற்குப் பதிலாகக் கிறீம் கிறாக்கர் விசுக்கோத்து வைக்கப்படுகிறது. காரணம் கேட்டால், “அது இனிப்பில்லைத்தானே” என்று விடை வரும். இங்கேதான் நாவை நம்பியதனாற் பிழை நேர்கிறது. சோறு, பாண், இடியப்பம், பிட்டு, விசுக்கோத்து ஆகிய யாவும் மாப்பொருள் மிகுந்தவை. மாப்பொருள் வாயிலே இனிக்காவிடினும் குடலிலே சமிபாடடைந்து குளுக்கோசாகவே இரத்தத்திற் சேருகிறது. கிறீம் கிறாக்கர்ப் பொதியொன்றின் பின்புறத்தைத் திருப்பினால், நூறு கிராமிற் காபோவைதரேற்று ஏறத்தாழ 65 முதல் 70 கிராம் வரை என்று காணலாம். சமைத்த வெள்ளைச் சோற்றிலோ நூறு கிராமுக்கு 28 கிராம் அளவே உண்டு. சோற்றிலே பெரும்பங்கு நீர்; விசுக்கோத்திலே நீர் அநேகமாக இல்லை. ஏழெட்டுக் கிராம் எடையுள்ள விசுக்கோத்துகள் எட்டினைத் தேநீரோடு உண்பவர் ஏறக்குறைய நாற்பது கிராம் காபோவைதரேற்றை உட்கொண்டுவிடுகிறார். அது ஏறத்தாழ ஒரு கோப்பைச் சோற்றுக்குச் சமன் என்பதோடு, சோற்றிலே இல்லாத கொழுப்பையும் உப்பையும் விசுக்கோத்து உடன் கொண்டுவருகிறது. சோற்றோடு வரும் கீரையும் பருப்பும் மீனும் விசுக்கோத்தோடு வருவதுமில்லை.

சுட்டுத்துண்டிலே முதலிற் பார்க்கவேண்டியது சேர்மானப் பொருள்களின் பட்டியல். இப்பட்டியல் எழுதியவருடைய விருப்பத்தின்படி அமைவதன்று. நிறையிற் கூடியது முதலிலும் குறைந்தது கடைசியிலும் வரவேண்டும். ஆகவே முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பொருளின் இயல்பு பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். பொதியின் முன்புறத்திலே ‘குரக்கன் விசுக்கோத்து’ என்று பெரிய எழுத்திலே இருக்கலாம்; குரக்கன் கதிரொன்றின் படமும் இருக்கலாம். பின்புறத்துப் பட்டியல் ‘கோதுமை மா, சீனி, தாவரக் கொழுப்பு, குரக்கன் மா’ என்று ஆரம்பிக்குமாயின், அது கோதுமை விசுக்கோத்தே ஆகும். குரக்கன் சிறந்த தானியம் என்பதில் ஐயமில்லை. அதன் நூறு கிராமில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு; அரிசியிலும் கோதுமையிலும் இதன் சிறு பங்குகூட இல்லை. எனினும் நூற்றுக்கு ஐந்து வீதம் சேர்த்த குரக்கனால் அந்தக் கல்சியம் எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வீட்டிலே அவித்த குரக்கன் பிட்டு ஒரு நீற்றுப்பெட்டி இதிலும் பன்மடங்கு மேலானது, மலிவானதும்கூட.

சீனியை ஒரே பெயரிலே எழுதினால் அது பட்டியலின் தலையிலே நின்றுவிடும். அதனால் அது பல பெயர்களிலே பிரிந்து வருவதுண்டு. சுக்குரோசு, குளுக்கோசுப் பாகு, டெக்ஸ்ட்ரோசு, பிரக்டோசு, மோல்ற்றுச் சாறு, தேன், பழச்சாற்றுச் செறிவு என்பன யாவும் ஒரே குடும்பத்தின் உறுப்பினர். இவை நாலைந்து இடங்களில் சிதறிக் கிடந்தால், அவற்றைக் கூட்டிப் பார்த்தே மதிப்பிடவேண்டும். மோல்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயரைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்வது நன்று. அது மாப்பொருளைச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்யப்படுவது. அதிகம் இனியாது, அட்டவணையிற் ‘சீனி’ என்ற வரிக்குள்ளும் அது அடங்காது. ஆயினும் குளுக்கோசைப் போலவே விரைவாக இரத்தத்திற் சேரும். நீரிழிவுடையோர் ‘சீனி’ வரியை மாத்திரம் பாராது, ‘மொத்தக் காபோவைதரேற்று’ என்ற வரியையும் பார்க்கவேண்டும் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

பட்டியலை அடுத்து வருவது எண்களைக் கொண்ட அட்டவணை. எண்களைக் கண்டதும் பலர் பொதியை மீண்டும் திருப்பிவிடுகின்றனர். உண்மையில் அதிலுள்ள கணக்கு மூன்றாம் வகுப்புக்கு மேற்பட்டதன்று. உணவு உடலிலே தரும் சக்தியைக் கலோரியிலே அளக்கும் முறையை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே அமெரிக்காவைச் சேர்ந்த அற்வாட்டர் என்னும் விஞ்ஞானி நிலைநாட்டினார். ஒரு கிராம் காபோவைதரேற்று நான்கு கலோரி, ஒரு கிராம் புரதம் நான்கு கலோரி, ஒரு கிராம் கொழுப்பு ஒன்பது கலோரி என்பது அவர் வழிவந்த கணக்கு. ஒரு பொதியிலே காபோவைதரேற்று 68, புரதம் 9, கொழுப்பு 14 கிராம் என்று இருந்தால், முறையே 272, 36, 126 எனப் பெருக்கி, 434 கலோரி என்று வீட்டிலிருந்தே கண்டுகொள்ளலாம். அட்டவணையிலுள்ள தொகை இதற்கு அண்மையில் இல்லாவிடின், அந்த அட்டவணை கவனமாக ஆக்கப்பட்டதன்று என்று கொள்ளவேண்டியதுதான். சில பொதிகளிலே கிலோயூல் என்ற அலகு இருக்கும். அதை நான்கினாற் பிரித்தால் ஏறக்குறையக் கலோரி வரும்.

அட்டவணையிலே இரண்டு நிரல்கள் இருப்பது வழக்கம். ஒன்று நூறு கிராமுக்கு அல்லது நூறு மில்லிலீற்றருக்கு உரியது. மற்றது ‘ஒரு பரிமாறலுக்கு’ உரியது. இந்தப் பரிமாறல் என்பது செய்தவர் நிர்ணயித்த அளவு. அவர் இரண்டு விசுக்கோத்தை ஒரு பரிமாறல் என்று சொன்னால், கொழுப்பும் சீனியும் மிகச் சிறிய எண்களாகத் தோன்றும். வீட்டிலே இரண்டோடு நிறுத்துபவர் யார்? இரண்டு பொருள்களுள் எது நல்லது என ஒப்பிடுவதற்கு நூறு கிராம் நிரலையும், தாம் உண்பது எவ்வளவு என அறிவதற்குத் தம் கையிலுள்ள உண்மையான அளவையும் கொள்ளவேண்டும். நூறு கிராமில் உள்ளதை ஒப்பிடும்போதும் உலர்ந்ததை உலர்ந்ததோடும் நீருள்ளதை நீருள்ளதோடும் ஒப்பிடுவதே முறை.

பிள்ளைகளுக்கென விற்கப்படும் மோல்ற்றுப் பானத் தூள்களிலே மற்றுமொரு நிரலைக் காணலாம். ‘200 மில்லிலீற்றர் பாலுடன் கலந்தால்’ என்று அதன் தலைப்பு இருக்கும். அதிலே புரதம் எட்டு அல்லது ஒன்பது கிராம் என்றும், கல்சியம் மிகுதியாகவும் காட்டப்பட்டிருக்கும். அந்தப் புரதத்தில் ஆறு கிராமுக்கு மேற்பட்டதும், கல்சியத்திற் பெரும்பங்கும் தாய் ஊற்றும் பாலிலிருந்து வருவன. தூள் இல்லாமலே அவை பிள்ளைக்குக் கிடைத்திருக்கும். பாலின் புகழைத் தூளுக்குக் கொடுப்பது திறமையான வியாபாரம். இவ்வகைத் தூளை நீரிலே கலந்து கொடுக்கும் ஏழை வீட்டிலே அந்த நிரலின் எண்கள் எவையும் பொருந்தா. அங்கே பிள்ளை பெறுவது பெரும்பாலும் மாப்பொருளும் சீனியுமே. அதே பணத்துக்கு ஒரு முட்டையோ, ஒரு கைப்பிடி நெத்தலியோ, அவித்த பயறோ கொடுத்தாற் பிள்ளையின் எலும்பும் தசையும் நன்றியறிதலோடு வளரும். ‘நாளாந்தத் தேவையின் இத்தனை வீதம்’ என்று எழுதப்படும் கணக்கும் வளர்ந்த ஒருவரின் 2000 கலோரித் தேவையை அடிப்படையாகக் கொண்டிருப்பதே பெருவழக்கு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதை அப்படியே பொருத்திப் பார்க்கலாகாது.

எழுத்தைப் படிக்க நேரமில்லாதவருக்கு உதவியாக நிறங்களும் வந்தன. இனிப்பூட்டிய பானங்களின் போத்தல்களிலே சீனியின் அளவை நிறத்தாற் காட்டும் விதி இலங்கையில் 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. நூறு மில்லிலீற்றரிற் சீனி 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரையாயின் செம்மஞ்சள், 2 கிராமிலும் குறைந்தாற் பச்சை என அது வகுத்தது. திண்ம உணவுகளுக்கான விதி 2019இல் வந்தது. நூறு கிராமிற் சீனி 22 கிராமையும், உப்பு 1.25 கிராமையும், கொழுப்பு 17.5 கிராமையும் மிஞ்சினாற் சிவப்பு என்பது அதன் அளவுகோல்.

வீதிச் சந்தியிலே வெளிச்சத்தைப் பார்த்துப் பழகியவருக்கு இது எளிதில் விளங்கும். ஆயினும் செம்மஞ்சளிலே ஒரு நுட்பம் உண்டு. நூறு மில்லிலீற்றரில் பத்தரைக் கிராம் சீனியுள்ள பானத்துக்குக் கிடைப்பது செம்மஞ்சள், சிவப்பு இல்லை. விளையாடிக் களைத்து வரும் பிள்ளை 400 மில்லிலீற்றர்ப் போத்தலொன்றை ஒரே மூச்சிலே குடித்துவிட்டால் 42 கிராம் சீனி உள்ளே போய்விடும். தேக்கரண்டிக் கணக்கிலே அது எட்டுக் கரண்டிக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு நாளில் உணவிற் சேர்க்கப்படும் சீனி மொத்தச் சக்தியின் பத்து வீதத்தைத் தாண்டலாகாது. ஐந்து வீதத்துக்கும் குறைவாயின் மேலும் நன்று. 2000 கலோரிக் கணக்கிலே அவை முறையே ஐம்பது கிராமும் இருபத்தைந்து கிராமும் ஆகும். செம்மஞ்சள் வட்டமிட்ட ஒரு போத்தல் அந்த நாளின் பங்கில் ஐந்தில் நான்கை எடுத்துக்கொண்டுவிட்டது. பால் தேநீருக்குப் பதிலாகத் தகரப்பால் கலந்த தேநீர் குடிப்போரும் ஒன்றைக் கவனிக்கலாம்: தகரப்பாலிற் பாதிக்கு மேற்பட்ட நிறை சீனியே.

உப்பின் கதை இதிலும் மறைவானது. சீனியை நாவு காட்டிக்கொடுக்கும். பொதியிலுள்ள உப்பைப் பல வேளைகளில் நாவும் காட்டாது. பாணும் விசுக்கோத்தும் உப்பு உணவுகள் என்று எவரும் எண்ணுவதில்லை. போதாக்குறைக்கு, அட்டவணையிலே ‘உப்பு’ என்றல்லாமற் ‘சோடியம்’ என்று எழுதப்பட்டிருக்கும். சோடியம் உப்பின் ஒரு பகுதிதான். சோடியத்தை இரண்டரையாற் பெருக்கினால் உப்பின் அளவு வரும். விரைவாகச் சமைக்கும் நூடில்ஸ் பொதியொன்றிலே சோடியம் 1200 மில்லிகிராம் என்று இருந்தால், அது மூன்று கிராம் உப்பு. வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் ஐந்து கிராமிலும் குறைந்த உப்பை உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதந்துரை. ஐந்து கிராம் என்பது ஒரு தேக்கரண்டி மட்டம். காலையிலே ஒரு நூடில்ஸ் பொதியோடு அதிலே மூன்று பங்கு தீர்ந்துவிட்டால், மதியத்துக் கருவாட்டுக் குழம்புக்கும் ஊறுகாய்க்கும் மாலை வடைக்கும் மீதி இரண்டு பங்கே உண்டு. குருதியமுக்கம் உடையோர் வீட்டில், சமையலில் உப்பைக் குறைத்துவிட்டுக் கறிக்குச் சுவையூட்டும் கட்டியையும் சோயாச் சாற்றையும் தாராளமாகச் சேர்ப்பதுண்டு. வாசலை அடைத்துவிட்டு யன்னலைத் திறந்துவைத்த கதைதான் அது. இரண்டும் சோடியம் மிகுந்தவை.

இனி, பொதியின் முன்புறத்துக்கு வரலாம். அங்கே இருப்பவற்றுட் பல பொய்யல்ல, உண்மையே. ஆனால் பயனற்ற உண்மை. தாவர எண்ணெய்ப் போத்தலிலே ‘கொலஸ்திரோல் அற்றது’ என்று எழுதுவது அத்தகையது. கொலஸ்திரோல் விலங்குணவிலே இருப்பது. எந்தத் தாவர எண்ணெயிலும் அது சொல்லத்தக்க அளவில் இல்லை. தேங்காயெண்ணெயிலும் இல்லை, ஆயினும் தேங்காயெண்ணெயிற் பத்தில் ஒன்பது பங்கு அளவு நிரம்பிய கொழுப்பு. இரத்தத்திலே கொலஸ்திரோலை உயர்த்துவதில் நிரம்பிய கொழுப்புக்குப் பங்கு அதிகம். இதிலும் கேடானது, எண்ணெயைக் கட்டியாக்கும் முறையிலே தோன்றும் திரான்ஸ் கொழுப்பு. ‘பகுதி ஐதரசனேற்றிய தாவர எண்ணெய்’ என்று சேர்மானப் பட்டியலிலே கண்டால் அந்தப் பொதியை மீண்டும் தட்டிலேயே வைத்துவிடலாம். இக்கொழுப்பை உலக உணவிலிருந்தே நீக்கும் முயற்சியை உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஆரம்பித்தது. ‘சீனி சேர்க்கப்படாதது’ என்ற பழச்சாற்றுப் பெட்டியும் இத்தகையதே. சேர்க்கப்படாததாக இருக்கலாம், பழத்திலிருந்து பிழிந்த சீனி அதற்குள் முழுமையாகவே இருக்கிறது, நார் மாத்திரம் போய்விட்டது. பழத்தைக் கடித்துத் தின்பதற்கு இவ்வளவு விளம்பரம் தேவைப்படுவதில்லை.

‘உயிர்ச்சத்துகளால் செறிவூட்டப்பட்டது’ என்ற வாசகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு அரிசியிலிருந்து ஆரம்பிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இயந்திர ஆலைகள் நெல்லைத் தீட்டி வெள்ளை வெளேரென்ற அரிசியைத் தந்தபோது, ஆசிய நாடுகள் பலவற்றிலே பெரிபெரி என்ற நோய் பரவிற்று. கால்கள் சோர்ந்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து பலர் இறந்தனர். அப்போது ஒல்லாந்தர் வசமிருந்த யாவாத்தீவிலே, பத்தாவியா நகரிற் பணிபுரிந்த எய்க்மன் என்ற வைத்தியர், தம் ஆய்வுகூடத்துக் கோழிகளும் இதையொத்த நோயால் தள்ளாடுவதைக் கண்டார். சில காலத்தின் பின் அக்கோழிகள் தாமாகவே குணமடைந்தன. விசாரித்தபோது விடயம் வெளியாயிற்று. முன்பு அவற்றுக்கு இராணுவ வைத்தியசாலையிலே மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு இடப்பட்டது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தின் சோற்றைச் சாதாரணக் கோழிகளுக்குக் கொடுக்க மறுத்துவிட்டார். தவிடு நீங்காத அரிசி தின்ற கோழிகள் பிழைத்துக்கொண்டன. யாவாவின் சிறைச்சாலைகளிலே நடத்தப்பட்ட விசாரணையும் இதையே காட்டிற்று: தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளிலே பெரிபெரி மிகுதி, தீட்டாத அரிசி வழங்கிய சிறைகளில் அது மிக அரிது. 1926இலே அதே பத்தாவியாவில் அரிசித் தவிட்டிலிருந்து தயமின் என்ற உயிர்ச்சத்துப் பிரித்தெடுக்கப்பட்டது. எய்க்மனுக்கு 1929இல் நோபெல் பரிசு கிடைத்தது. அந்தச் சமையற்காரருக்கு ஒன்றும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

தானியத்திலிருந்து தவிட்டோடு நீக்கியதைப் பின்னர் தூளாக வாங்கித் திரும்பச் சேர்ப்பதே பல வேளைகளிற் செறிவூட்டல் எனப்படுகிறது. தமிழர் வீடுகளிலே நெல்லை அவித்துக் குத்தும் வழக்கம் இந்த இழப்பைப் பெரிதும் தடுத்திருந்தது. உமியோடு அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் நீரோடு மணியின் உட்புறத்துக்குச் சென்றுவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. மொட்டைக்கறுப்பன் புழுங்கலரிசிச் சோற்றைக் கறுப்பென்று இகழ்ந்து வெள்ளையரிசிக்கு மாறியவர்கள், விட்டது இன்னதென்று அறியாமலே விட்டனர்.

செறிவூட்டல் யாவும் வெறும் விற்பனைத் தந்திரம் என்றும் கொள்ளலாகாது. உப்பிலே அயடீன் சேர்த்தமை இலங்கைக்கு நன்மை செய்த காரியம். மழை மிகுந்த தென்மேற்குப் பகுதிகளில் கழுத்துக் கழலை நெடுங்காலம் பரந்து காணப்பட்டது. அயடீன் குறைந்தாற் கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியும் குன்றும். மனிதர் உண்ணும் உப்புக்கு அயடீன் சேர்க்கவேண்டும் என்பது 1990களிலே சட்டமாயிற்று. உப்புப் பொதியிலே ‘அயடீன் சேர்த்தது’ என்ற சொல்லைப் பார்த்தே வாங்கவேண்டும். வாங்கியதை வெயிலிலும் ஈரத்திலும் திறந்துவையாமல் மூடிய பாத்திரத்திலே வைக்கவேண்டும். ஆனையிறவின் உப்பாயினும் அம்பாந்தோட்டை உப்பாயினும் இது பொருந்தும்.

பட்டியலின் கடைசியிலே 330, 322, 621 என்றவாறு எண்கள் வருவதைக் கண்டு அஞ்சுவோர் பலர். எண் இட்டதெல்லாம் நஞ்சு என்ற பேச்சு ஊரிலே உலாவுகிறது. உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 1963இல் அமைத்த கோடெக்ஸ் ஆணைக்குழுவின் வழியே வந்த எண்கள் இவை. பல மொழி பேசும் நாடுகளுக்குப் பொதுவாக இருக்கவேண்டும் என்பதற்காக இடப்பட்டவை. 330 என்பது தேசிக்காய்ப் புளிப்பைத் தரும் சித்திரிக்கமிலம். 300 என்பது நெல்லிக்காயிலே நிறைந்திருக்கும் உயிர்ச்சத்து சீ. 500 அப்பச்சோடா. 621 சுவையூட்டும் குளுத்தமேற்று. அதிலும் சோடியம் உண்டு என்பதைக் குருதியமுக்கக்காரர் நினைவில் வைக்கவேண்டும். 102 என்பது மஞ்சள் நிறமூட்டி. சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடியது. எண்களுக்கு அஞ்சி அவற்றையே தேடிக்கொண்டிருப்பவர் பட்டியலின் தலையிலே நிற்கும் சீனியைக் காணாமல் விட்டுவிடுவதுதான் வேடிக்கை. ஆனால் நிலக்கடலை, பால், முட்டை, இறால் முதலியன ஒவ்வாதவர்கள் பட்டியலைக் கடைசிச் சொல்வரை படிக்கவேண்டியவர்கள்.

திகதியைப் பற்றிச் சில சொற்கள் போதும். ‘காலாவதியாகும் திகதி’ கடந்த பொருளை உண்ணலாகாது. ‘இத்திகதிக்கு முன் உண்பது சிறந்தது’ என்பது சுவைக்கும் மொறுமொறுப்புக்கும் உரியது. எனினும் திகதி எதுவாயினும் உப்பிய தகரத்தை வீட்டுக்குக் கொண்டுவரலாகாது. உள்ளே கிருமி வளர்ந்து வாயுவைப் பிறப்பித்ததன் அடையாளமாக அது இருக்கலாம். அத்தகைய தகரத்தைத் திறந்து முகர்ந்து பார்ப்பதும் வேண்டாம்.

சுட்டுத்துண்டு இல்லாத உணவுக்கு என் செய்வது என்ற கேள்வி எழலாம். தேநீர்க்கடைக் கண்ணாடிப் பெட்டியிலுள்ள றோல்ஸும் பற்றிசும் வடையும் எதனால் ஆனவை என்று எவரும் எழுதிவைப்பதில்லை. மீண்டும் மீண்டும் காய்ச்சிக் கறுத்த எண்ணெயைக் கண்ணால் காணலாம். கோதுமை மாவின் அளவைக் கையின் கனத்தால் உணரலாம். அங்கே பழைய பரீட்சையே இன்றும் துணை. கீரைக்கட்டுக்கும் முருங்கைக்காய்க்கும் வாழைப்பூவுக்கும் ஒடியலுக்கும் சுட்டுத்துண்டு தேவையே இல்லை; அவற்றிலே சேர்மானம் ஒன்றே ஒன்று. ஒரு வாரக் கூடையிலே இத்தகையவை எத்தனை, பட்டியல் ஒட்டியவை எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது, எந்த அட்டவணையைப் படிப்பதிலும் எளிதான கணக்கு.

எழுத்து மிகச் சிறிதாயிருப்பது முதியோருக்குப் பெரும் தடையே. பாடசாலை செல்லும் பேரப்பிள்ளையைக் கடைக்கு உடன் அழைத்துச் சென்று படிக்கச் சொல்லலாம். பிள்ளைக்கும் அது நல்ல பாடம். இரண்டு பால்மாப் பொதிகளைக் கையிற் கொடுத்து, எதிலே கொழுப்புக் குறைவு என்று கேட்டாற் போதும்.

பொதியிலே எழுதியதும் உள்ளிருப்பதும் வேறாக இருக்கிறது என்றோ, திகதி அழிக்கப்பட்டு மேலே வேறொன்று ஒட்டப்பட்டிருக்கிறது என்றோ கண்டால், கடைக்காரரோடு சண்டையிட்டுவிட்டுப் பொதியை வீதியிலே எறிவதனாற் பயனில்லை. அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பொதியையும் பற்றுச்சீட்டையும் ஒப்படைக்கவேண்டும். உணவுச் சட்டத்தின்கீழ்க் கடையிலே மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. பொருள் எந்தத் தொகுதியிலே செய்யப்பட்டது என்பதைக் காட்டும் இலக்கம் பொதியின் விளிம்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஆகவே, பொதியைத் திறக்கும்போது அந்த இலக்கத்தின் குறுக்கே கத்தரிக்காமல், மறுமுனையிலே கத்தரிப்பது நன்று.